பொண்ணு ப்ரீ-லா மைனர் எடுக்கறேங்கறா, எடுக்கலாமா? ஒரு அம்மாவோட கேள்வியும் வக்கீல் பதிலும்

கேள்வி: வணக்கங்க. நாங்க நியூஜெர்சில எடிசன் பக்கம் இருக்கோம், சொந்த ஊர் பொள்ளாச்சி. பொண்ணு இங்க ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில செகண்ட் இயர். டாக்டர் ஆகணும்னு தான் சேர்ந்தா, ஆர்கானிக் கெமிஸ்ட்ரில சி கிரேடு வந்ததும் விட்டுட்டு எகனாமிக்ஸ் மேஜருக்கு மாறிட்டா. இப்ப லா படிக்கப் போறேன், அதுக்கு மேஜரோட கூடவே ப்ரீ-லா மைனர்னு ஒரு துணைப் பாடத்தொகுப்பு எடுக்கறேங்கறா. 6 கோர்ஸ், 18 கிரெடிட். அமெரிக்கன் லீகல் சிஸ்டம் கட்டாயம், லாஜிக் இல்லன்னா கிரிட்டிக்கல் திங்கிங்ல ஒன்னு, கான்ஸ்டிட்யூஷனல் லா இல்லன்னா சிவில் லிபர்ட்டீஸ்ல ஒன்னு, ரைட்டிங் இல்லன்னா பப்ளிக் ஸ்பீக்கிங்ல ஒன்னு, அப்புறம் எலெக்டிவ் ரெண்டு. எல்லாத்துலயும் குறைஞ்சது சி வாங்கணும், ஒரே ஒரு கோர்ஸ் தான் மேஜர் மைனர் ரெண்டுக்கும் கணக்காகும், டபுள் கவுன்ட்ங்கறாங்க. லேர்னிங் கோல்ஸ்னு ஒரு பக்கம் போட்டிருக்காங்க, எனக்கு ஒன்னும் புரியல. இந்த மைனர் இல்லன்னா லா ஸ்கூல்ல சேர்த்துக்க மாட்டாங்களா? கோயம்புத்தூர்ல வக்கீலா இருக்கற என் தம்பி, அங்க நாலு வருஷம் எதுக்கு வேஸ்ட் பண்றீங்க, ப்ளஸ் டூ முடிச்சதுமே இங்க அனுப்பியிருந்தா அஞ்சு வருஷத்துல பி.எல். முடிச்சிருப்பாங்கறான். நாங்க இன்னும் கிரீன் கார்டு தான், சிட்டிசன் இல்ல, அது பிரச்சனை ஆகுமா? காலேஜ் அட்வைசர்கிட்ட நானே பேசிப் பாக்கட்டுமா?

பதில்: வணக்கங்க. மொதல்ல பெரிய பயத்துக்கு பதில் சொல்லிடறேன், மைனர் இல்லைங்கறதுக்காக அமெரிக்கால எந்த லா ஸ்கூலும் அப்ளிகேஷன ஒதுக்கி வெக்காது. உங்க வீட்ல இத்தன நாள் ப்ரீ-மெட்னு ஒன்ன பாத்துட்டு இருந்தீங்க இல்லையா, அதனால ப்ரீ-லாவும் அதே மாதிரின்னு தோணுது. ப்ரீ-மெட்ல பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கு, அத முடிக்காம பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல் வாசல்ல நிக்கவே முடியாது. லா ஸ்கூலுக்கு அப்படி பட்டியலே கெடையாதுங்க. ஒரு பேச்சிலர்ஸ் டிகிரி வேணும், அது எதுல வேணாலும் இருக்கலாம், மியூசிக்கா இருந்தாலும் சரி நர்சிங்கா இருந்தாலும் சரி. லா ஸ்கூல்களுக்கு அங்கீகாரம் குடுக்கற அமெரிக்கன் பார் அசோசியேஷனே, இந்த மேஜர் எடு இந்த கோர்ஸ் எடுன்னு நாங்க எதையும் சிபாரிசு பண்றதில்லன்னு வெளிப்படையா சொல்லியிருக்கு. அதுக்கு பதிலா என்னென்ன திறமை வளத்துக்கணும்னு மட்டும் சொல்றாங்க, கவனமா படிக்கறது, எழுதறது, எழுதினத திருத்தறது, ஒருத்தர் பேசும்போது ஒழுங்கா கேக்கறது, ஆராய்ச்சி பண்றது, பொது சேவை, இந்த மாதிரி.

அப்ப மைனர் எதுக்குன்னு கேப்பீங்க. இந்த திறமைகள சொல்லித்தர்ற கோர்ஸுங்க காலேஜ்ல நாலஞ்சு டிபார்ட்மென்ட்ல சிதறிக் கெடக்கு, ஒன்னு பொலிட்டிகல் சயின்ஸ்ல, ஒன்னு ஃபிலாசஃபில, ஒன்னு இங்கிலீஷ்ல, அதையெல்லாம் ஒரே இடத்துல சேத்து கட்டி ஒரு பேர் வெச்சிருக்காங்க, அவ்வளவு தான். அந்த பேருக்கு லா ஸ்கூல்ல தனியா மார்க் எதுவும் கெடையாது. உள்ள இருக்கற கோர்ஸுக்கு மதிப்பு இருக்கு, அதுவும் எந்த கோர்ஸ் எடுக்கறா, யார்கிட்ட எடுக்கறாங்கறத பொறுத்து. அதனால எடுக்கலாமா வேண்டாமாங்கறத விட, அந்த ஆறுல எந்த ஆறுங்கறது தான் உங்க பொண்ணு உக்காந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

புரியலன்னு சொன்ன லேர்னிங் கோல்ஸ் பக்கத்த நீங்க அனுப்பி வெச்சிருந்தீங்க, படிச்சேன். எல்லா காலேஜும் கிட்டத்தட்ட இதையே தான் வேற வேற வார்த்தைல எழுதியிருப்பாங்க. ஃபெடரல் கோர்ட்டும் ஸ்டேட் கோர்ட்டும் எப்படி அமைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கறது, கேஸ் தீர்ப்ப படிச்சு ப்ரீஃப் பண்றது, வாதத்த கட்டறதும் அடுத்தவங்க வாதத்துல ஓட்டைய கண்டுபிடிக்கறதும், தெளிவா எழுதறது பேசறது, சட்டத்துக்கும் நியாயத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய பத்தி யோசிக்கறது. மொத்தம் அஞ்சு. இதுல கேஸ் ப்ரீஃபிங்க மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா மத்த நாலுல மூணு அதுக்குள்ளயே வந்துடும், லா ஸ்கூல் மொத வருஷத்துல தினமும் ராத்திரி அவ பண்ணப் போற வேலையும் இது தான்.

கேஸ் ப்ரீஃப்னா ஒரு தீர்ப்ப படிச்சிட்டு, என்ன நடந்தது, கீழ் கோர்ட் என்ன சொல்லுச்சு, இந்த கோர்ட் முன்னாடி வந்த சட்டக் கேள்வி என்ன, பதில் என்ன, அந்த பதிலுக்கு என்ன காரணம் சொன்னாங்க, எந்த ஜட்ஜாவது ஒத்துக்கலயா, இத்தனையும் ஒரு பக்கத்துக்குள்ள எழுதறது. ஈஸின்னு தோணும். உதாரணத்துக்கு நம்ம ஆளுங்க சம்பந்தப்பட்ட ரெண்டு கேஸையே எடுத்துக்கங்க. அந்த காலத்துல அமெரிக்க சிட்டிசன்ஷிப் சட்டப்படி வெள்ளையர்கள், 1870க்கு அப்புறம் ஆப்பிரிக்க வம்சாவளியினர், இவங்க மட்டும் தான் வெளிநாட்லேர்ந்து வந்து சிட்டிசன் ஆக முடியும். 1922 நவம்பர்ல டகாவோ ஒசாவாங்கற ஜப்பான்காரர் கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்கு வருது. இருபது வருஷமா இந்த நாட்ல இருக்கார், கலிபோர்னியால படிச்சவர், வீட்லயே இங்கிலீஷ் தான், என் தோலும் வெளுப்பு தானேங்கறார். கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, தோல் கலர் கணக்கு இல்ல, வெள்ளையர்னா காக்கேசியன் இனம், நீங்க காக்கேசியன் இல்ல, கெளம்புங்க. சரி, மூணே மாசம் கழிச்சு 1923 பிப்ரவரில பகத் சிங் திந்த் கேஸ் வருது. பஞ்சாப்காரர், மொத உலகப்போர்ல அமெரிக்க ஆர்மில இருந்தவர். நீங்க சொன்ன அதே காக்கேசியன் தான் நான், அன்னிக்கு இருந்த இன ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் வட இந்தியர்கள அதுல தான் சேத்திருக்காங்கன்னு வாதாடறார். இப்ப கோர்ட் என்ன சொல்லணும்? இவர உள்ள விடணும் இல்லையா. விடல. ஆராய்ச்சிக்காரங்க சொல்றது முக்கியமில்ல, சாதாரண மனுஷன் வெள்ளையர்னு யார சொல்வானோ அவங்க தான் வெள்ளையர்னுட்டாங்க. ரெண்டு தீர்ப்பும் எழுதினது ஒரே ஜட்ஜ், ஜார்ஜ் சதர்லேண்ட். ரெண்டும் ஏகமனதான தீர்ப்பு வேற.

இப்ப உங்க பொண்ணு இந்த ரெண்டையும் தனித்தனியா படிச்சு தனித்தனியா ப்ரீஃப் எழுதினா பி கிரேடு வாங்கலாம். பக்கத்துல பக்கத்துல வெச்சு படிச்சு, மொத தீர்ப்புல சொன்ன காரணத்த ரெண்டாவது தீர்ப்பு எந்த வரில எப்படி நைசா நகத்தி வெச்சுதுன்னு கண்டுபிடிச்சு, கோர்ட் தன்னோட முந்தின தீர்ப்ப மீறலன்னு சொல்றதுக்கு என்ன சாக்கு சொல்லுச்சு, அந்த சாக்கு தாங்குமா தாங்காதான்னு ரெண்டு பக்கமும் நின்னு அவளால எழுத முடிஞ்சா, அஞ்சு கோல்ல நாலு அங்கயே முடிஞ்சது. அதோட இது வெறும் படிப்பு இல்லைங்க, அந்த தீர்ப்புக்கு அப்புறம் ஏற்கனவே சிட்டிசன் ஆன இந்தியர்கள் பல பேரோட சிட்டிசன்ஷிப்ப கவர்ன்மென்ட் திருப்பி புடுங்குச்சு, 1946ல லூஸ்-செல்லர் சட்டம் வர்ற வரைக்கும் இந்தியர்கள் இங்க சிட்டிசனுக்கு விண்ணப்பிக்க பொதுவா வழி இல்ல, அந்த சட்டமும் இந்தியாலேர்ந்து குடியேற வருஷத்துக்கு 100 பேர் தான்னு கோட்டா போட்டு வந்தது. நீங்க வரிசைல நிக்கற அந்த சிட்டிசன்ஷிப் கதைல இது ஒரு அத்தியாயம். சிவில் லிபர்ட்டீஸ் கோர்ஸ் சிலபஸ்ல இந்த கேஸ் இருந்தா அத முழுசா படிக்க வைக்கறாங்களா, இல்ல ஸ்லைடுல ரெண்டு வரியா போயிடுமான்னு பாக்க சொல்லுங்க. ஒரு கோர்ஸ் நல்லதா சொத்தையான்னு எடை போட எனக்கு தெரிஞ்ச வழி அது தான், அசல் தீர்ப்ப படிக்க வெக்கறாங்களா, எழுத வெக்கறாங்களா, எழுதினத சிவப்பு மையால கிழிச்சு திருப்பி குடுக்கறாங்களா.

அந்த கணக்குல உங்க லிஸ்ட பாத்தா, லீகல் சிஸ்டம் கட்டாயம், அதுல பேச ஒன்னுமில்ல. கான்ஸ்டிட்யூஷனல் லாவா சிவில் லிபர்ட்டீஸானா, எத எடுத்தாலும் சரி, தேர்வு மல்ட்டிபிள் சாய்ஸா இல்லாம கட்டுரையா இருக்கற செக்‌ஷன எடுக்கட்டும். ஆனா ஒன்னு, காலேஜ்ல கான்ஸ்டிட்யூஷனல் லா படிச்சிட்டோம் லா ஸ்கூல்ல அந்த பேப்பர் இல்லன்னு நெனைச்சுக்காதீங்க, மறுபடியும் மொதல்லேர்ந்து படிக்கணும், மைனர்ல எடுத்த எந்த கிரெடிட்டும் லா ஸ்கூல் டிகிரியான ஜே.டி.ல கழியாது. ரைட்டிங்கா பப்ளிக் ஸ்பீக்கிங்காங்கற எடத்துல என் ஓட்டு ரைட்டிங்குக்கு தான், கண்ண மூடிட்டு. வக்கீல்னா நம்ம சினிமால வர்ற மாதிரி கோர்ட்ல நின்னு கத்தறதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க, நெஜத்துல இங்க பல வக்கீலுங்க கோர்ட் படியே ஏறறதில்ல, நாள் பூரா எழுதறது தான் வேலை. பேச்சு பழகணும்னா மாக் ட்ரையல் டீம்ல சேரட்டும். அமெரிக்கன் மாக் ட்ரையல் அசோசியேஷன் வருஷா வருஷம் ஒரு கற்பனை கேஸ் தயார் பண்ணி எல்லா காலேஜுக்கும் அதையே குடுக்கும், பசங்க வக்கீலாவும் சாட்சியாவும் மாறி மாறி நின்னு அதுல மோதுவாங்க, குறுக்கு விசாரணைன்னா என்னன்னு அதுல தெரியற மாதிரி எந்த ஸ்பீச் கிளாஸ்லயும் தெரியாது, மைனரும் தேவையில்ல.

லாஜிக்கா கிரிட்டிக்கல் திங்கிங்காங்கறதுல ஒரு சமீபத்திய மாற்றம் இருக்கு, சீனியர் பசங்க பழைய தகவல சொல்லி குழப்புவாங்க, அதனால சொல்றேன். லா ஸ்கூல் நுழைவுத் தேர்வு எல்சாட்ல முன்னாடி லாஜிக் கேம்ஸ்னு ஒரு செக்‌ஷன் இருந்தது, ஏழு பேர் ஏழு நாற்காலி, ராமு சோமு பக்கத்துல உக்கார மாட்டான்ங்கற மாதிரி புதிர். பார்வையற்ற மாணவர்கள் தொடுத்த வழக்குல 2019ல சமரசம் ஆகி, 2024 ஆகஸ்ட்லேர்ந்து அத எடுத்தே விட்டாங்க. இப்ப மார்க் கணக்குக்கு வர்றது மூணு செக்‌ஷன், அதுல ரெண்டு லாஜிக்கல் ரீசனிங், ஒன்னு ரீடிங் காம்ப்ரிஹென்ஷன், ஒவ்வொன்னும் 35 நிமிஷம். மார்க் கணக்குல வராத ஒரு செக்‌ஷனையும் நடுவுல கலந்து வெப்பாங்க, எதுன்னு நமக்கு தெரியாது. ஸ்கோர் 120லேர்ந்து 180 வரைக்கும். ஆக மொத்த மார்க்ல ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு, ஒரு சின்ன பத்திய குடுத்து இந்த வாதத்துல எங்க ஓட்டை, எத சேத்தா இது பலமாகும்னு கேக்கற கேள்வி. குறியீடு போட்டு கணக்கு மாதிரி செய்யற ஃபார்மல் லாஜிக் கோர்ஸ் கேம்ஸ் இருந்த காலத்துல ரொம்ப கை குடுத்துச்சு, இப்பவும் வீணில்ல, ஆனா சாதாரண பேச்சுல வர்ற வாதத்த பிரிச்சு மேயற கிரிட்டிக்கல் திங்கிங் கோர்ஸ் தான் இப்ப பரிட்சைக்கு நெருக்கம். அதோட ஃபார்மல் லாஜிக்ல கணக்கு பிடிக்காத பசங்க அடி வாங்கறதும் உண்டு. உங்க பொண்ணு எகனாமிக்ஸ்காரி, கணக்கு வருதுன்னா அவ இஷ்டம்.

அடி வாங்கறதுன்னதும் ஜி.பி.ஏ., அதாவது 4க்கு எவ்வளவுங்கற மொத்த மார்க் சராசரி, அந்த கதைக்கு வரணும். மைனர் ரூல்ல சி வாங்கினா போதும்னு போட்டிருக்கு பாருங்க, அது தான் பொறி. மைனர் முடிக்கறதுக்கு சி போதும், லா ஸ்கூலுக்கு சி ஒரு தழும்பு. லா ஸ்கூலுக்கு அப்ளை பண்ணும்போது எல்சாக்னு ஒரு அமைப்பு, எல்சாட் நடத்தறதும் அவங்க தான், எல்லா காலேஜ் மார்க் ஷீட்டையும் வாங்கி அவங்க ரூல்படி ஜி.பி.ஏ.வ புதுசா கணக்கு போடுவாங்க. ஹைஸ்கூல்ல இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு கோர்ஸ் எடுத்திருந்தா அதுவும் உள்ள வரும். ஒரு கோர்ஸ திருப்பி எடுத்து நல்ல மார்க் வாங்கி, காலேஜ் பழைய மார்க்க கணக்குலேர்ந்து எடுத்துட்டாலும், மார்க் ஷீட்ல அது தெரியற வரைக்கும் எல்சாக் ரெண்டையும் சேத்துக்கும். அதனால ஆர்கானிக் கெமிஸ்ட்ரிய திருப்பி எடுக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தா தயவு செஞ்சு விட்டுடுங்க. அந்த சி போகாது.

கணக்கு போட்டே காட்டறேன். டிகிரிக்கு 120 கிரெடிட், அந்த சி 4 கிரெடிட்டு கோர்ஸ்ல வந்ததுன்னு வெச்சுக்கோங்க. மத்த 116 கிரெடிட்லயும் ஏ வாங்கினா 3.93 வரும். ஒரே ஒரு சி உங்கள கொன்னுடல. ஆனா மைனருக்காக ரெண்டு 3 கிரெடிட் கோர்ஸ்ல சி வந்தா அதே ஜி.பி.ஏ. 3.83க்கு எறங்கும். பத்துல ஒரு பங்கு தானேன்னு தோணலாம், பெரிய ஸ்கூல்கள்ல சேர்றவங்களோட நடு மதிப்பே இப்ப 3.9க்கு மேல இருக்கு, அங்க இந்த வித்தியாசம் பெருசு. ஒவ்வொரு ஸ்கூலும் சேந்தவங்களோட எல்சாட், ஜி.பி.ஏ. விவரத்த 509 ரிப்போர்ட்னு வருஷா வருஷம் வெளியிட்டே ஆகணும், பேர் போட்டு தேடினா கெடைக்கும், யார் யாரோ சொல்றத கேக்காம அதப் பாருங்க.

இது பெருமைக்காக சொல்லல, காசுக்காக சொல்றேன். தனியார் லா ஸ்கூல் பலதுல ட்யூஷன் மட்டுமே வருஷத்துக்கு 70,000 டாலர தாண்டுது, மூணு வருஷம். ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் எல்சாட்டையும் ஜி.பி.ஏ.வையும் பாத்து தான் குடுக்கறாங்க. முன்னாடி கிராட் ப்ளஸ்னு ஃபெடரல் கடன் இருந்தது, எவ்வளவு செலவானாலும் வாங்கிக்கலாம், 2025ல போட்ட சட்டத்தால 2026 ஜூலை 1லேர்ந்து புதுசா வர்றவங்களுக்கு அது கெடையாது, லா மாதிரி தொழில் படிப்புக்கு ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50,000, மொத்தமா 2 லட்சம் டாலர்னு வரம்பு வெச்சுட்டாங்க. உங்க பொண்ணு இந்த புது ரூல்ல தான் வருவா. ட்யூஷனோட வாடகை சாப்பாட்டையும் சேத்தா பத்தாத பாக்கிக்கு தனியார் கடன் தான், அதுக்கு அனேகமா நீங்க தான் கையெழுத்து போடணும். அதனால ஒரு செமஸ்டர்ல ரெண்டு கஷ்டமான எகனாமிக்ஸ் பேப்பரோட ரெண்டு மைனர் பேப்பரையும் அடைச்சு எல்லாத்தையும் கோட்டை விடறத விட, மைனர விட்டுட்டு நிம்மதியா படிக்கறது எவ்வளவோ மேல். மைனர் முடிக்க ஒரு செமஸ்டர் கூட வேணும்னா அப்பவும் வேண்டாம்.

இப்படியெல்லாம் சொல்றதால வேண்டாம்னு சொல்றேன்னு நெனைச்சுடாதீங்க. உங்க பொண்ணு விஷயத்துல நான் எடுக்க சொல்லுவேன். ஒரு காரணம், சயின்ஸ்லேர்ந்து எகனாமிக்ஸுக்கு தாவின பொண்ணு, இது வரைக்கும் நீளமா எதையும் எழுதியிருக்க மாட்டா. இன்னொரு காரணம் யாரும் ப்ரோஷர்ல எழுதாதது, சிபாரிசு கடிதம். லா ஸ்கூல்ங்க பாடம் நடத்தின ப்ரொஃபசர் எழுதின கடிதத்துக்கு தான் மதிப்பு குடுக்கும், உங்க வீட்டுக்காரரோட ஆபீஸ் வைஸ் பிரசிடென்ட் எழுதினா யாரும் சீண்ட மாட்டாங்க. எகனாமிக்ஸ் பேஸிக் கிளாஸ்ல முந்நூறு பேர் உக்காந்திருப்பாங்க, ப்ரொஃபசருக்கு மூஞ்சியே தெரியாது. மைனர்ல மேல் லெவல் கிளாஸ் இருபது பேர் தான் இருக்கும், அங்க ரெண்டு கட்டுரை எழுதி, ப்ரொஃபசர் பசங்கள பாக்கன்னு ஒதுக்கற ஆபீஸ் அவர்ஸுக்கு போயி, ஏன் இந்த மார்க்னு மரியாதையா சண்டை போட்டா அந்த ப்ரொஃபசர் ரெண்டு வருஷம் கழிச்சும் பேர ஞாபகம் வெச்சிருப்பார்.

எலெக்டிவ் ரெண்டுல ஒன்னு லா அண்ட் எகனாமிக்ஸ், அவ காலேஜ்ல இருந்தா, அதையே மேஜரோட டபுள் கவுன்ட்டுக்கு வெச்சுக்கட்டும், அந்த ஒரே சலுகைய வேற எதுலயும் செலவழிக்க வேண்டாம். இன்னொன்னு ஃபிலாசஃபி ஆஃப் லா, அந்த அஞ்சாவது கோல் அங்க தான் வரும், படிக்க கஷ்டம், வாக்கியம் ஒவ்வொன்னும் அரை பக்கம் ஓடும், அதுக்காகவே படிக்கணும். பிசினஸ் லாங்கற பேர்ல காண்ட்ராக்ட் விதிய மனப்பாடம் பண்ண வெக்கற கோர்ஸ தவிர்க்கலாம்ங்கறது என் கருத்து, அதையே லா ஸ்கூல்ல இன்னும் ஆழமா சொல்லித்தருவாங்க. பேராலீகல் சர்டிஃபிகேட்னு ஒன்னு பக்கத்துலயே இருக்கும், அது வேற ரூட்டு, வக்கீல் ஆபீஸ்ல உடனே வேலைக்கு போறவங்களுக்கானது, குழப்பிக்க வேண்டாம். இன்டர்ன்ஷிப் கிரெடிட் கெடைச்சா நல்லது, கெடைக்கலைன்னாலும் கோர்ட்ட பாக்க யார் அனுமதியும் வேணாம். உங்க வீட்லேர்ந்து பக்கம் தான் நியூ பிரன்ஸ்விக், மிடில்செக்ஸ் கவுண்டி கோர்ட் அங்க தான் இருக்கு, பெரும்பாலான விசாரணைய பொதுமக்கள் யார் வேணா உள்ள போயி உக்காந்து பாக்கலாம். செக்யூரிட்டில பைய காட்டிட்டு, ஃபோன அணைச்சிட்டு பின் பெஞ்ச்ல உக்காந்தா போதும். ஒரு நாள் போயிட்டு வரட்டும். பாதி நேரம் வாய்தா தான் நடக்கும், அது நம்ம ஊரானாலும் இந்த ஊரானாலும் ஒன்னு தான். அத பாத்தும் ஆசை போகலைன்னா நல்ல அறிகுறி.

உங்க தம்பி சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, அந்த ஊர் வழக்கப்படி. அங்க ப்ளஸ் டூ முடிச்சதும் அஞ்சு வருஷ படிப்பு, முடிச்சு பார் கவுன்சில்ல என்ரோல் பண்ணி ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா சேரலாம். இங்க லா ஒரு இளங்கலை படிப்பு இல்ல, நாலு வருஷ டிகிரிக்கு மேல மூணு வருஷம் ஜே.டி., ஆக ஏழு. சில யூனிவர்சிட்டில மூணும் மூணும் சேத்து ஆறு வருஷத்துல முடிக்கற திட்டம் இருக்கு, ஆனா மேஜர் மாறின பொண்ணுக்கு மூணு வருஷத்துல எல்லாத்தையும் முடிக்கறது கஷ்டம். இந்தியால படிச்சிட்டு இங்க வந்தா என்னன்னா, லைசன்ஸ் ஸ்டேட் ஸ்டேட்டா தர்றாங்க, நியூயார்க், கலிபோர்னியா மாதிரி சில ஸ்டேட்ல வெளிநாட்டு லா டிகிரிக்கு வழி இருக்கு, பல பேர் அதுக்கு இங்க வந்து எல்.எல்.எம்.ங்கற மேல்படிப்பு படிச்சு தான் லைசன்ஸுக்கான பார் எக்ஸாம் எழுதறாங்க. இங்க வளந்து இங்கயே வேலை பாக்கப் போற பொண்ணுக்கு அது சுத்து வழி. தம்பி மேல கோவப்படாதீங்க, லீவுக்கு கோயம்புத்தூர் போகும்போது ரெண்டு வாரம் அவர் ஆபீஸ்ல கேஸ் கட்டு பிரிச்சு படிக்க விடுங்க, இங்கயும் அங்கயும் சட்டத்தோட வேர் இங்கிலீஷ் காமன் லா தான், அப்ளிகேஷன் கட்டுரைல எழுத அவளுக்கு சொந்தமா ஏதாவது கெடைக்கும்.

கிரீன் கார்டு பத்தி கவலையே வேண்டாம். 1973ல கிரிஃபித்ஸ் கேஸ்னு ஒன்னு, கனெக்டிகட்ல சிட்டிசன் இல்லங்கறதுக்காக ஒரு டச்சுக்கார பெண்மணிய பார் எக்ஸாம் எழுத விடல, சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. கிரீன் கார்டு வெச்சிருக்கறவங்க தாராளமா வக்கீல் ஆகலாம். ஃபெடரல் கவர்ன்மென்ட் வக்கீல் வேலைக்கு, முக்கியமா ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டுக்கு, சிட்டிசன்ஷிப் கேப்பாங்க, அதுக்குள்ள உங்களுக்கும் அவளுக்கும் வந்துடும். அத விட, லைசன்ஸ் தர்றதுக்கு முன்னாடி நடத்தை விசாரணைன்னு ஒன்னு உண்டு, அசைன்மென்ட்ல காப்பியடிச்சு மாட்டினது, போலீஸ் கேஸ், மறைச்ச விஷயம் எல்லாம் அதுல வரும். ஏ.ஐ.ய வெச்சு எழுதிட்டு தானே எழுதினேன்னு குடுத்து மாட்டினா அதுவும் இந்த கணக்கு தான். தப்ப விட மறைக்கறத தான் அங்க பெருசா எடுத்துக்குவாங்க, அவகிட்ட இத சொல்லி வைங்க.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. பயாலஜி டிகிரியோட முடிச்சிருந்தா பேட்டன்ட் வக்கீல் ஆக எழுதற பேட்டன்ட் ஆபீஸ் பரிட்சைக்கு தகுதி தானா வந்திருக்கும், அதுக்கு சயின்ஸ் இல்லன்னா இன்ஜினியரிங் படிப்பு வேணும், எகனாமிக்ஸ் டிகிரிய மட்டும் வெச்சு அது வராது. அந்த கதவு கிட்டத்தட்ட சாத்துதுன்னு தெரிஞ்சு தான் மாறினாளான்னு ஒரு வார்த்தை கேளுங்க, தெரியலன்னா பரவால்ல, அதுக்காக திருப்பி மாற வேண்டாம். எல்சாட்ட மூணாம் வருஷம் முடிஞ்ச சம்மர்ல எழுதினா போதும், அஞ்சு மாசமாவது அதுக்குன்னு ஒதுக்கணும். வாழ்க்கைல மொத்தமே ஏழு தடவை தான் எழுத விடுவாங்க, சும்மா பயிற்சிக்கு போயி எழுதிட்டு வர்றேன்னா விடாதீங்க, பழைய கேள்வித்தாள் எல்சாக் சைட்லயே கெடைக்குது. டிகிரி முடிச்சிட்டு ரெண்டு வருஷம் வேலைக்கு போயிட்டு அப்புறம் லா ஸ்கூல் போறதும் இங்க சர்வ சாதாரணம், கேப் விழுந்துடுச்சேன்னு அப்ப பதறாதீங்க.

கடைசியா அட்வைசர்கிட்ட நீங்க பேசறது. ஃபெர்பான்னு 1974லேர்ந்து ஒரு சட்டம் இருக்குங்க, புள்ள காலேஜ்ல கால் வெச்ச நிமிஷத்துலேர்ந்து மார்க் விவரம் எல்லாம் அவளோட சொத்து, ஃபீஸ் கட்டறது நீங்களா இருந்தாலும் அவ எழுதி குடுக்காம அவ மார்க்க பத்தி பொதுவா யாரும் உங்ககிட்ட வாய தெறக்க மாட்டாங்க. நீங்க ஃபோன் பண்ணா, மேடம் உங்க பொண்ண பேச சொல்லுங்கன்னு இனிக்க இனிக்க சொல்லி வெச்சிடுவாங்க. அவளே அப்பாயின்ட்மென்ட் போட்டு, அடுத்த செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷன் தெறக்கறதுக்கு முன்னாடி போகட்டும், கையில சிலபஸ் நாலு எடுத்துட்டு. மைனர் டிக்ளேர் பண்ணாம அந்த கோர்ஸ்ல சேர முடியுமா, எந்த கோர்ஸ் எந்த செமஸ்டர்ல மட்டும் நடத்தறாங்க, பாஸ்-ஃபெயில்ல எடுத்தா மைனருக்கு செல்லுமா, பாதில விட்டா மார்க் ஷீட்ல ஏதாவது நிக்குமா, இந்த நாலையும் கேட்டுட்டு வரட்டும். நீங்க கார்லயே இருங்க.